தரிசாகப் போட்டால் மட்டும் நூற்புழு சாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைபீரிய உறைமண்ணில் 46,000 ஆண்டு கிடந்து பிழைத்த நூற்புழு பற்றிய கட்டுரையைப் படித்தோம். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இது வெறும் அதிசயச் செய்தி அல்ல. தக்காளி வேரில் புகுந்து முடிச்சு உண்டாக்குவதும் இப்படி ஒரு நூற்புழுதான், நூல் போன்ற நுண்புழு. கோடையில் நிலத்தைச் சும்மா போட்டாலே வெயிலில் அது செத்துவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி.

ஆய்வகங்களில் வளர்க்கும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் ஆயுள் இரண்டு மூன்று வாரம். இரை குறைந்து, கூட்டமும் சூடும் கூடினால் அதன் குஞ்சு வாயை அடைத்து, தோலைத் தடித்து, ‘டாவர்’ என்ற உறக்கப் பருவத்துக்குப் போகும். அப்படியே நான்கு மாதம் வரை தாங்கும். நம் உடலின் இன்சுலின் ஏற்பிக்கு உறவான டாஃப்-2 மரபணு இதற்கு ஒரு முக்கிய விசை. அதன் சமிக்ஞை தணிந்ததும் டாஃப்-16 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பாதுகாப்பு மரபணுக்களை எழுப்புகிறது.

ஆனால் உறங்கினால் மட்டும் போதாது, உலர்ந்துபோவதைத் தாங்க டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் வேண்டும். 98 சதவீத ஈரப்பதத்தில் நான்கு நாள் வைத்தால் டாவர் அதை ஏராளமாகச் சேர்க்கும். பிறகு எவ்வளவு உலர்ந்தாலும் நீர் பட்டதும் நெளியும். திடீரென வறண்ட காற்றில் போட்டால் செத்துவிடும். சர்க்கரை செய்யும் இரு மரபணுக்களையும் நீக்கினால் மெதுவாக உலர்த்தியும் பிழைப்பதில்லை. சைபீரியப் புழு வேறு இனம். அதுவும் இதே சர்க்கரையைத்தான் சேர்க்கிறது.

நம் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு டாவர் கிடையாது. அது முட்டைக்குள்ளேயே இரண்டாம் பருவக் குஞ்சாக நின்றுவிடும். ஒரு பெண்புழு 300 முதல் 500 முட்டை வரை பசைக்குள் இடும். அந்தப் பசை ஈரம் போவதைத் தாமதப்படுத்தும். உழாத தரிசில், மண்ணுக்குள் விட்ட வேரோடு இருந்தால் கேட்கவே வேண்டாம், நாமே நிதானமாக உலர்த்திக் கொடுக்கிறோம்.

எனவே அறுவடை முடிந்ததும், கடைசிப் பாய்ச்சலின் ஈரம் காயுமுன் செடியை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து எரியுங்கள். மண் இறுகியபின் பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும், முடிச்சு உள்ளேயே தங்கும். பிறகு பங்குனி, சித்திரையில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை, அரையடி ஆழத்துக்குக் குறையாமல் உழ வேண்டும். ஒரே உழவோடு நிறுத்தினால் அடியில் கிடப்பது தப்பிவிடும்.

கோடை மழைக்கு முளைக்கும் மணத்தக்காளியைக் கீரைக்கு ஆகும் என்று விட்டுவைக்கவும் வேண்டாம். பொரித்து வரும் குஞ்சுக்கு அதன் வேரே போதும்.

இப்படிக்கு,
நூற்புழுவியல் படித்த வேளாண் பட்டதாரிகள்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.