நாய்க்கு கீமோ போட்ட பிறகு வீட்டைக் கழுவுவது யார்?

நீலகிரி மாவட்டக் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நாய்க்குப் புற்றுநோய் என்றால் முன்பெல்லாம் கையை விரித்துவிடுவார்கள். இப்போது ஊட்டி, குன்னூர் வீட்டு நாய்களுக்கும் கீமோ நடக்கிறது. இனச்சேர்க்கையில் தொற்றும் கட்டியை வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியிலேயே கரைத்துவிடுகிறீர்கள். நல்ல காரியம். புற்றுநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசிக்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வார்டில் நோயாளியின் சிறுநீர்ப் பாத்திரத்தைக் கையுறை இல்லாமல் யாரையும் தொட விடமாட்டோம். அதே மருந்துகள்தான் நாய்க்கும் போகின்றன. சைக்ளோபாஸ்பமைடு முக்கியமாகச் சிறுநீரிலும், வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் பெரும்பாலும் மலத்திலும் வெளியேறும். 2010இல் வந்த ஓர் ஆய்வில், நாய்களின் சிறுநீரில் வின்கிரிஸ்டின் 3 நாள் வரையும், டாக்ஸோரூபிசின் மிகச் சிறிய அளவில் 21 நாள் வரையும் தென்பட்டது. ஒருமுறை தெரியாமல் மிதித்தவர் பயப்பட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் நாயின் கழிவை வெறுங்கையால் அள்ளுகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது, அதுவும் அவர் கர்ப்பிணியாகவோ பால் கொடுப்பவராகவோ இருந்தால்.

நம் மலையில் அள்ளுகிறவர் பல வீடுகளில் நாயின் சொந்தக்காரர் இல்லை. பங்களாக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். நாயைப் பார்த்துக்கொள்வது காவல்காரரும் அவர் மனைவியும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் முதலாளி, கழுவுகிறவர்கள் இவர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் தரும் சீட்டு முதலாளியின் வாட்ஸ்ஆப்பிலேயே தங்கிவிடுகிறது. கோவையில் ஊசி போட்டுத் திரும்பும் நாய் பர்லியாறு தாண்டி வளைவுகளில் வாந்தி எடுத்தால், துடைப்பது டாக்ஸி டிரைவர். அவருக்கு யார் சொன்னார்கள்?

இங்கே இன்னொரு சங்கடம். "கழிவை இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள்" என்கிறது வெளிநாட்டுக் கையேடு. பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டத்தில் அந்த வரி எதற்கு உதவும்? மலத்தை அள்ளிக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள், கேரட் பாத்திக்கான உரக்குழியில் போடாதீர்கள் என்று சொன்னால் யாருக்கும் புரியும். நாய் சிறுநீர் கழித்த இடத்தை ஹோஸ் பைப்பால் பீய்ச்சி அடிக்க வேண்டாம், தெறிக்கும். தண்ணீரைச் சாய்த்து ஊற்றினால் போதும். நாய் படுக்கும் கம்பளியைத் தனியாக, இரண்டு முறை துவைக்க வேண்டும். ஆடி மழையில் எதுவும் காயாது என்று எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைப்பது நம் ஊர் வழக்கம், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

மாத்திரை விஷயம் எனக்கு இன்னும் கவலை. 50 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு சிறிய நாய்க்கு அதிகம் என்று வீட்டிலேயே கத்தியால் வெட்டி, கரண்டியால் நசுக்கித் தயிர்ச்சோற்றில் பிசைகிறார்கள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கும் மருந்து அது. அதன் தூள் சமையல் மேடையில்! மாத்திரையை உடைக்காமல், கொடுக்கும் நாள்களைத் தள்ளி வைத்து அளவைச் சரிக்கட்டும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. தயவுசெய்து அப்படியே எழுதிக் கொடுங்கள்.

ஊசி, குப்பி, குழாய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016 மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருத்துவமனைக்கும் பொருந்தும். இவை சாதாரணக் குப்பையோடு போகக் கூடாது.

நான் கேட்பது இதுதான்: முதல் ஊசிக்கு முன்னால், "நாயைச் சுத்தம் செய்வது யார், வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உண்டா?" என்று கேளுங்கள். அந்த ஆளிடமே, தேவைப்பட்டால் போனிலாவது, தமிழில் பேசுங்கள். குறைந்தது 3 நாளுக்கான கையுறைகளை மருந்துச் செலவோடு சேர்த்துவிடுங்கள்; நாய்க்கு கீமோ கொடுக்கும் முதலாளிக்கு அது ஒரு செலவே இல்லை. அரைப் பக்கத் தமிழ்ச் சீட்டு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது திருத்திக் கொடுத்தால், குன்னூரில் அச்சடித்து நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்