கடலோரத் தளங்களுக்கு எஸ்டிமேட் எழுதும் பொறியாளர்களுக்கு

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் கரையில் எழும்பும் மீன் ஏலக்கூடம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம் எல்லாவற்றுக்கும் விவரக்குறிப்பு எழுதுவது நீங்கள். அதைப் பார்த்துத் தளம் போடுகிறவர்களில் நானும் ஒருவன். டைல்ஸுக்கு அடியில் மட்டம் சேர்க்கப் போடும் சிமென்ட்-மணல் கலவையான ஸ்கிரீட் பற்றி மட்டும் உங்களிடம் பேச வேண்டும்.

என் கைக்கு வந்த எஸ்டிமேட்டுகளில் ஸ்கிரீட்டுக்கு ஒரே வரிதான்: 1:4 கலவை (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்), 20 மி.மீ. கனம், உரிய ஐ.எஸ். (இந்தியத் தரம்) விதிகளின்படி. எந்த ஐ.எஸ்.? 1970-இல் வந்த ஐ.எஸ். 2571 அந்த இடத்திலேயே வார்க்கும் கான்கிரீட் தளத்துக்கானது. டைல்ஸுக்குக் கீழே மட்டம் சேர்க்கும் கலவைக்குப் பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 8204-இன் முதல் பகுதி நேராகப் பொருந்துகிறது. எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் மேஸ்திரியின் பழக்கம்தான் விதியாகிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் வேறு என்ன கொடுத்தோம்?

முதலில் கனம். கீழே உள்ள கான்கிரீட்டைக் கொத்திச் சுரண்டி, தூசி போகக் கழுவி, சிமென்ட் பால் தடவி ஒட்டப் போடும் ஸ்கிரீட் எந்த இடத்திலும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது அந்தப் பிரிட்டிஷ் தரம். ஒட்டாமல் போடுவதற்கு 50 மி.மீ. வேண்டும். நம் ஊரில் கீழிருந்து உப்போடு ஈரம் ஏறும் என்பதால் பாலித்தீன் தாள் விரிக்கச் சொல்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் தாளை விரித்ததுமே அது ஒட்டாத ஸ்கிரீட் ஆகிவிடுகிறது, எஸ்டிமேட்டிலோ அதே 20 மி.மீ. நிற்கிறது. அந்தக் கனத்தில் ஓரம் சுருண்டு எழும்பும், நடுவில் விரிசல் விடும், தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். அதற்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த டைல்ஸ் ஒட்டினாலும் நிற்காது. தாள் உண்டா இல்லையா என்பதும் கனமும் ஒரே வரியில் சேர்ந்து வரட்டும்.

அப்புறம் தண்ணீர். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, கலவைக்கும் கியூரிங்குக்கும் (போட்ட கலவை இறுகும்வரை ஈரமாக வைப்பதற்கும்) கடல்நீரைப் பரிந்துரைப்பதில்லை. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி. வரை போகலாம், கம்பி இருந்தால் 500-தான். விரிசல் வராமலிருக்க ஸ்கிரீட்டுக்குள் கம்பி வலை வைக்கச் சொன்னால் அந்த 500-ஐயே எல்லையாக எழுதுங்கள். வேலையிடத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த அறிக்கை வந்த பிறகே கலவை போட அனுமதி என்று ஒரு வரி போதும். லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத எஸ்டிமேட்டில், கேட்காமலே உவர்நீர் கலவைக்குள் போய்விடும். கலவைக்குள் போன உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு கழுவி எடுக்க வழியில்லை. மணலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மணல், ஜல்லிக்கான ஐ.எஸ். 383-ஐப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், கரையோர மணல் கூடாது என்று தெளிவாகவே எழுதுங்கள்.

மீன் ஏலக்கூடங்களில் வாட்டம் தனிப் பிரச்சினை. ‘தேவையான வாட்டம்’ என்று எழுதினால் ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் எங்காவது தேங்கும். அந்த வழுக்கலில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அதனால் 1:60 வேண்டுமென்றால் 1:60 என்றே எழுதுங்கள். 6 மீட்டர் நீளத்தில் அது 100 மி.மீ. இறக்கம், அதை முழுவதும் ஸ்கிரீட்டில் எடுக்கச் சொல்வது தவறு. அடியில் உள்ள கான்கிரீட்டிலேயே வாட்டம் எடுத்துவிட்டால் ஸ்கிரீட் எங்கும் ஒரே கனத்தில் வரும். மட்டம் வேண்டிய அறைகளில், 2 மீட்டர் மட்டப்பலகை வைத்தால் அடியில் 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்று எழுதினால் யாரும் சண்டை போட முடியாது.

கியூரிங்கை ஐ.எஸ். 456 சொல்கிறபடி நாள் கணக்கில் எழுதுங்கள். சாம்பல் அல்லது கசடு சேர்த்த கலப்பு சிமென்ட்டுக்கு வெயில் காலத்தில் 14 நாள்.

கடைசியாக, சோதனை. பி.எஸ். 8204 சொல்லும் சோதனையில், போட்ட ஸ்கிரீட் மேல் 4 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் நான்கு முறை விடுகிறார்கள், விழுந்த பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார்கள். கனத்த நடமாட்டத்துக்கு 3 மி.மீ., பொது இடங்களுக்கு 4, லேசான உபயோகத்துக்கு 5 என்று எல்லை. கலவை பூப்போல உதிர்கிறதா, கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்பது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இதைத் தனி ஐட்டமாகப் போட்டு அதற்கும் விலை வையுங்கள். சோதனையில் தேறாத இடத்தை உடைத்துத் திரும்பப் போட வேண்டும், தேறிய பிறகே ஸ்கிரீட் பில்லுக்குப் பணம் என்று எழுதுங்கள். ஒழுங்காக வேலை செய்கிற ஒப்பந்ததாரர் யாரும் இதை எதிர்க்கமாட்டார். குறைந்த விலை போட்டு மணலைக் கூட்டிச் சிமென்ட்டைக் குறைப்பவரோடு இன்று அவர் போட்டி போட முடியாமல் நிற்கிறார்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு தளவேலைக்காரன்