லயன் வீட்டுப் பிள்ளைகளையும் எண்ணுங்கள்

நீலகிரி மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

பிள்ளைகள் குறைந்த பள்ளியை மூடுவது, பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது என்ற பேச்சு பந்தலூர், கூடலூர் பக்கம் அடிக்கடி கிளம்புகிறது. எந்தப் பள்ளியையும் மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் ஆட்கள் குறைந்தது உண்மைதான். 2001இல் 7,62,141 பேர் இருந்தோம், 2011இல் 7,35,394 பேர். அந்தக் கணக்கெடுப்பில் முந்தையதைவிட மக்கள்தொகை இறங்கிய ஒரே தமிழ்நாட்டு மாவட்டம் நம்முடையதுதான். தோட்டக் கூலி கட்டுபடியாகாமல் இளவட்டங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிலும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள், வீட்டு வாசலுக்கு வேன் வரும் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

ஆனால் இறங்கிப் போனவர்கள் விட்டுப்போன லயன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், காலியாக இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அம்மாவும் அப்பாவும் காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். ஏழு, எட்டு வயசுப் பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். பள்ளி மணி காதில் விழும் தூரம்தான். அரசின் மாணவர் பதிவேடான எமிஸில் அந்தப் பிள்ளைக்கு எண் கிடையாது, அதனால் உங்கள் கணக்கில் அவள் இல்லை. அவளைப் போன்றவர்களைச் சேர்க்காமலே "மாணவர் இல்லை" என்று எழுதிப் பள்ளியைப் பூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆதார் இல்லை, டி.சி. இல்லை, தமிழ் தெரியாது என்று காரணம் சொல்கிறார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது, டி.சி. தாமதமானால் அதற்காக நிறுத்தி வைக்கவும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மொழி சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் சாத்ரி என்ற ஜார்க்கண்ட் பக்கத்து மொழி பேசும் பிள்ளைக்குத் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு டீச்சர் எவ்வளவுதான் செய்வார்? அந்த லயனிலேயே நாலு எழுத்துப் படித்த ஒருவரை, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் செய்தது போல, தன்னார்வலராகப் போடலாமே.

வெளியிலிருந்து வந்தவர்களை வைத்துப் பள்ளி நடத்துவது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலை நட்டது, பிறகு அதுவே டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளை நிரப்பினார்கள்.

அப்புறம், தூரம். ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு பள்ளி இருக்கிறது என்று கோப்பில் எழுதிவிடலாம். இங்கே அந்த ஒரு கிலோமீட்டர் தேயிலைக் காட்டு வழி, யானை நிற்கும் வழி. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் சிறுத்தை தாக்கி இறந்த மூன்று வயதுக் குழந்தை, அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்தவள். அவளும் ஜார்க்கண்ட் தொழிலாளியின் மகள்தான். இதற்குப் பிறகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை இன்னும் தள்ளி நடந்துபோகச் சொல்ல எப்படி மனசு வரும்?

2019இல் மாணவர் இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது. நூலகம் நல்லதுதான். ஆனால் பள்ளி போனால் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்து போகும். எங்கள் பக்கம் ஒரு கட்டடத்தை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்தும் இணைப்பு மையமாக, கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் இடமாக மாற்றுங்கள். தம்பியை விட ஓர் இடம் கிடைத்தால்தான் அக்கா வகுப்புக்கு வருவாள்.

நான் கேட்பது இதுதான். எந்தப் பள்ளியையும் மூடும் பட்டியலில் சேர்க்கும் முன், ஏப்ரல் மாதத்தில் அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு லயனுக்கும் ஆள் அனுப்பி வீடு வீடாக எண்ணுங்கள். தோட்ட நிர்வாகங்களிடம் தொழிலாளர் குடும்பங்களின் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைத்த பெயர்களை மே 1 கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். எந்த லயனில் எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கூட நடந்து வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்துப் பெற்றோர் ஒருவர்