டயரைப் பிடித்திருப்பது காற்றுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பாலைவனப் பயணம் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். அபுதாபியின் லிவா மணல்மேடுகளை எழுதியவர் நேரில் பார்த்திருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால், பீட்லாக் ரிம் (டயரின் ஓரத்தை போல்ட் போட்டுக் கவ்விப் பிடிக்கும் சக்கர ரிம்) போட்டுவிட்டால் டயரில் காற்றே தேவையில்லை, பஞ்சர் பயமும் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டார். ஷார்ஜாவில் வேலை பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் மணலில் வண்டி ஓட்டுகிறவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போகியன்று பழைய டயரை எரித்தவர்களுக்குத் தெரியும், மறுநாள் சாம்பலில் கம்பி வளையம் கிடக்கும். டயரின் இரண்டு ஓரத்திலும் ரப்பருக்குள் புதைந்திருக்கும் அந்தக் கம்பி ஓரத்தைத்தான் பீட் என்கிறோம். சாதாரண ரிம்மில் பீட்டை விளிம்போடு அழுத்தி உட்கார வைப்பது உள்ளே இருக்கும் காற்று. 32 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 32 பவுண்டு பலத்தோடு அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மணலில் இறங்கும் முன் அதை 15, 12 என்று குறைக்கிறோம். டயர் தளர்ந்து, தரையில் படியும் இடம் நீளுகிறது. (அகலுகிறது என்றுதான் பலர் சொல்வார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும்.) எடை பரவுவதால் வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகிறது. சரி, ஆனால் பீட்டைப் பிடித்திருந்த பலமும் பாதிக்குக் கீழே போய்விட்டதே!

அந்த நிலையில் வேகமாகப் போய் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் வண்டி பக்கவாட்டில் சறுக்கும். மணல் டயரின் அடியை வண்டிக்குக் கீழே தள்ளும், ரிம் வெளியே போகப் பார்க்கும். வெளிப்பக்க பீட் விளிம்பை விட்டு உள்ளே நழுவி, புஸ்ஸென்று மொத்தக் காற்றும் போய்விடும். இங்கே இதற்குப் பெயர் 'பாப் அவுட்'. எனக்கு முதல் தடவை இது நடந்தது ஒரு ஆகஸ்ட் மாதம், ஷார்ஜாவின் மலீஹா பாலைவனப் பக்கம். ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்துத் தூக்கி, பீட்டில் ஒட்டிய மணலைத் துடைத்து, கம்ப்ரசரைப் போட்டால், ஏறுகிற காற்று இடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டே இருந்தது. சரக்கு கட்டும் பட்டையை டயரைச் சுற்றி இறுக்கிய பிறகுதான் 'டப்'பென்று உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் போனது.

பீட்லாக் ரிம்மில் வெளிப்பக்க பீட் ரிம்மின் முகப்பிலேயே உட்காரும். அதன்மேல் ஒரு உலோக வளையத்தை வைத்து, 24 அல்லது 32 போல்ட் போட்டுக் கவ்விவிடுவார்கள். காற்று செய்த வேலையை இனி போல்ட் செய்யும். அதனால் 5, 6 பி.எஸ்.ஐ.யிலும் டயர் கழலாது. பாறையில் ஏறும்போது டயர் அப்படியே நிற்க, ரிம் மட்டும் உள்ளே சுற்றும் சங்கடமும் கிடையாது. ஆனால் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ரிம்களில் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் பூட்டு. உள்பக்க பீட் இன்னும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிடிக்கிற ஏற்பாடு வேறு: அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டியில் ரிம்மே இரண்டு துண்டு, உள்ளே ஒரு வளையம் இரண்டு பீட்டையும் அழுத்திக்கொண்டிருக்கும்.

பஞ்சர் விஷயத்துக்கு வருகிறேன். ஆணி குத்தினால் பீட்லாக் டயரிலும் காற்று இறங்கத்தான் செய்யும். டயர் கழலாது என்பதால் மெதுவாக உருட்டிக்கொண்டு வெளியே வரலாம், அவ்வளவுதான்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, அந்த போல்ட்களின் பராமரிப்பு. ஒரு பக்கத்து போல்ட்களையே வரிசையாக முறுக்கிக்கொண்டு போகக்கூடாது. எதிரெதிரே இருக்கும் போல்ட்களாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்று இறுக்க வேண்டும், அதுவும் இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து. அந்தப் பலத்தைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 20 அடி-பவுண்டுக்குப் பக்கத்தில்தான் சொல்லியிருப்பார்கள். வீல் நட்டுக்குப் போடும் பலத்தைப் போட்டால் போல்ட் அறுந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடியதும் ரப்பர் அமுங்கி போல்ட் தளரும், மறுபடி பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இந்த ரிம்களைச் சாலைக்கு வெளியே மட்டும் என்று எழுதியே விற்கிறார்கள். உங்கள் கட்டுரையை நம்பி யாராவது இந்த ரிம்மை வண்டியில் மாட்டி, இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலையில் நூறில் போனால் பக்கச்சுவர் சூடேறி டயர் கிழிந்துவிடும். அதை எந்தப் பூட்டும் தடுக்காது.

போல்ட் தலைகளை அலங்காரத்துக்கு ஒட்டிய போலி ரிம்களும் விற்பனையில் உண்டு. நண்பர் ஒருவர் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து, வளையத்தைக் கழற்றப் பார்த்தபோதுதான் தெரிந்தது அது ரிம்மோடு வார்த்தது என்று.

என் வண்டியில் இன்றும் கம்பெனி ரிம்தான், மணலில் 13 பி.எஸ்.ஐ. அந்த ஆகஸ்டுக்கு அப்புறம் பாப் அவுட் இரண்டு தடவை ஆனது. இரண்டும் ஸ்டீயரிங்கில் நான் காட்டிய அவசரம்.

இப்படிக்கு,
ஷார்ஜா வாசகர்