முடக்குவாதத்துல நரம்போட பங்கையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த முடக்குவாதக் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடம்போட தற்காப்பே மூட்ட தாக்கற வியாதி) கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா பழி மொத்தத்தையும் வெள்ளை அணுக்கள் மேலயே போட்டுட்டாங்க, நரம்பு பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்க அம்மாவுக்கு பல வருஷமா இந்த வியாதி, காலைல எந்திரிச்சதும் விரல மடக்க முடியாம சுடுதண்ணில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அதனால கையில கிடைக்கறத எல்லாம் படிச்சுட்டு வரேன்.

பக்கவாதத்துல ஒரு பக்கம் விழுந்துபோனவங்களுக்கு அப்புறமா முடக்குவாதம் வந்தா, பல பேருக்கு நல்லா இருக்கற பக்கத்து மூட்டுதான் வீங்குது, விழுந்த பக்கம் தப்பிச்சுடுது. 1960கள்லயே டாக்டர்கள் இத எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஓடறது ஒரே ரத்தம்தான, அப்ப நரம்புக்கும் இதுல பங்கு இருக்கணும் இல்லையா?

நகத்தால கையில அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்க. மொதல்ல கோடு மட்டும் சிவக்கும், கொஞ்ச நேரத்துல சுத்தியும் சிவப்பு பரவும், அந்தப் பரவற சிவப்பு நரம்போட வேலை. நரம்பு நுனிலேர்ந்து சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பின்னு குட்டி புரதத் துண்டுகள் கசியுது, நியூரோபெப்டைடுன்னு சொல்றது இதத்தான். சப்ஸ்டன்ஸ் பி, தோல்ல இருக்கற மாஸ்ட் செல்ங்கற தற்காப்பு செல்ல உசுப்பி ஹிஸ்டமின கொட்ட வைக்கும், ரத்தக்குழாய் விரிஞ்சு நீர் கசிஞ்சு அந்த இடம் வீங்கும்.

இதுக்கு நேர் எதிரா வீக்கத்த அடக்கற நியூரோபெப்டைடும் இருக்கு. 1970ல சமி சயீத், விக்டர் முட்னு ரெண்டு விஞ்ஞானிங்க பன்னிக் குடல்லேர்ந்து பிரிச்செடுத்த விஐபி (வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைட்) அப்படித்தான், கிருமி வந்ததும் மொதல்ல பாயற மேக்ரோஃபேஜ் செல்கள்ட்ட போய், வீக்கத்த கூட்டற டிஎன்எஃப்ங்கற புரதத்த குறைக்கும், வீக்கத்த தணிக்கற ஐஎல்-10ஐ கூட்டும். இப்ப முடக்குவாதத்துக்கு போடற விலை கூடின ஊசிகள்ல பலது தடுக்கறதும் இதே டிஎன்எஃப்பதான். 2001ல மூட்டுவாதம் வர வெச்ச எலிகளுக்கு விஐபி கொடுத்தப்ப வீக்கமும் எலும்புத் தேய்மானமும் நல்லாவே குறைஞ்சுச்சு.

ஆனா எலிக்கு கேட்டது மனுஷனுக்கு கேக்கும்னு சொல்லிட முடியாது, ரத்தத்துல விஐபி சில நிமிஷத்துலயே சிதைஞ்சுடும், அதத் தாங்க வைக்கறதே பெரிய பாடு. அவிப்டாடில்ங்கற பேர்ல இதையே மூச்சுத்திணறல் முத்துன கோவிட் நோயாளிகளுக்கு அமெரிக்காவுல கொடுத்துப் பாத்தாங்க, பலன் இல்லன்னு 2022ல சோதனைய நிறுத்திட்டாங்க. சிஜிஆர்பிய தடுக்கற ஊசி 2018லேர்ந்து மருந்தா இருக்கு, ஆனா அது மைக்ரேன் தலைவலிக்கு. சப்ஸ்டன்ஸ் பி வேலை செய்யற இடத்த அடைக்கற அப்ரிபிடன்ட் மாத்திரையும் கேன்சர் சிகிச்சைல வர்ற வாந்திக்குத்தான் கொடுக்கறாங்க, மூட்டுக்கு இல்ல.

இதெல்லாம் நீங்க எழுதணும்னு நான் கேக்கறதுக்கு காரணம், இப்ப ஆன்லைன்ல பெப்டைட் ஊசின்னு என்னென்னமோ விக்கறாங்க, வலி தாங்காதவங்க அத நம்பி, முடக்குவாதத்த கட்டுப்படுத்தற மெத்தோட்ரெக்ஸேட் மருந்த நிறுத்திட்டா மூட்டு அரிச்சுப் போயிடும், போனது திரும்ப வராது. அடுத்த இதழ்லயாவது ஒரு மூட்டுவாத டாக்டர்ட்ட கேட்டு இதுல எது மருந்துக்கடைக்கு வந்துருக்கு, எது இன்னும் எலியோட நிக்குதுன்னு பிரிச்சு போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி