குதிரை லத்தியும் உன்னுடையதுதான், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது. நீ ஓட்டிவரும் குதிரையின் பெயர் ராணி என்பது மட்டும் தெரியும். விடியற்காலையில் நம் ராயபுரம் சூரியநாராயண செட்டி தெருவில் லாடச் சத்தம் கேட்டால் போதும், என் பேரன் போர்வையை உதறிவிட்டு ஜன்னலுக்கு ஓடிவிடுவான். உன் வயதில் எனக்கும் ஒரு பிள்ளை இருப்பதால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன்.

போன மாதம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ராணி போட்டுவிட்டுப் போன லத்தி தார்ச்சாலையில் கரைந்து வழுவழுவென்று பரவிக் கிடந்தது. காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் சுமந்து வந்த ஓர் அம்மா அதில் கால் வைத்துச் சறுக்கி விழுந்தார். கூடை கவிழ்ந்து சங்கரா மீன் முழுவதும் சாக்கடையோரம் சிதறியது. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். கட்டுப் பிரிக்கும்வரை அவரால் வியாபாரத்துக்குப் போக முடியவில்லை. அவர் விழுவதற்குள் நீ எண்ணூர் விரைவுச் சாலையை எட்டியிருப்பாய். நடந்தது உனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த வாரம் தேநீர்க் கடையருகே உன்னை நிறுத்தி, லத்தியை ஏன் அள்ளாமல் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். "இது புல்லும் கொள்ளும் தின்கிற பிராணி, ஐயா. நாய் அசிங்கம் மாதிரி இல்லை, வெறும் எரு" என்றாய். உன் பேச்சில் பாதி உண்மை. நாயின் மலத்தைவிடக் குதிரை லத்தியில் நாற்றமும் குறைவு, மனிதனுக்குத் தொற்றும் புழுக்களும் குறைவு. ஆனால் எருவாவதற்கு மண் வேண்டுமே, தம்பி? வயலில் விழுந்தால் மண் அதை வாங்கிக்கொள்ளும். நம் தெருவில் மண் எங்கே இருக்கிறது? வெயிலில் காய்ந்து தூளாகி மூக்கில் ஏறும். மழையில் வடிகாலை அடைக்கும். ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் மண்ணில் மட்டுமல்ல, குதிரைக் குடலிலும் இருக்கக்கூடியவை. நடக்கப் பழகும் குழந்தையும், வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெறுங்காலோடு திருவொற்றியூர் போகிறவரும் இதே சாலையில்தான் நடக்கிறார்கள். காலில் ஒரு சின்னக் காயம் இருந்துவிட்டால்?

வளர்ந்த குதிரை ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். அதில் தெருவில் விழுகிற பங்கைக் கடைசியில் யார் அள்ளுகிறார்கள் என்று உனக்கே தெரியும். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா ஆறு மணிக்கே வந்துவிடுவார். கையுறை கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு அள்ளுவார். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் நம் தெருக்கள் கிடந்த கிடப்பை நீயும் பார்த்திருப்பாய். அப்படிப்பட்டவர்கள் தலையில் உன் குதிரையின் லத்தியையும் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்? "சம்பளம் வாங்குகிறார்களே" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

என் தாத்தா ஜட்கா ஓட்டியவர். 1856-இல் திறந்த நம் ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில்தான் அவர் வண்டி நிற்கும். கால்வைக்கும் பலகைக்கு அடியில் மூன்று பொருட்கள் எப்போதும் இருக்கும்: கொள்ளுப் பை, ஒரு தகர முறம், ஒரு கோணிச் சாக்கு. சவாரி ஏறியிருந்தாலும் சரி, குதிரை போட்டதும் இறங்கி வாரிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் கடிவாளத்தைப் பிடிப்பார். சில பயணிகள் முணுமுணுப்பார்களாம். மாதவரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து சாக்கை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கீரைக்கட்டுகளை வைத்துவிட்டுப் போவார். அந்தக் கீரையைக் கடைந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நான். குதிரைக்காரர்களைப் பிடிக்காமல் எழுதுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சேணத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நடுச்சாலையில் இறங்கினால் குதிரையை யார் பிடிப்பது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். லாரி உறுமும் சாலையில் இறங்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் உன் பின்னால் ஸ்கூட்டரில் தினமும் ஒரு நண்பன் வருகிறானே, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு? அவனிடம் ஒரு முறத்தையும் சாக்கையும் கொடு. தனியாக வந்த நாளில் ராணியை லாயத்தில் கட்டிவிட்டுத் திரும்பி வா. கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டில் பூட்டும்போது வாலுக்குக் கீழே ஒரு பை கட்டிவிடலாம். வியன்னாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் குதிரை வண்டிகளுக்கு அந்தப் பை கட்டாயம். ராணி முதலில் மிரளும். லாயத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. பட்டாசுச் சத்தத்துக்கே பழகிய குதிரை அவள்.

இன்னொன்று. லாயத்தில் சேர்வதைக் கேப்டன் காட்டன் கால்வாயில் கொட்டுவதாகக் கேள்விப்பட்டேன். பொய்யாக இருந்தால் மகிழ்ச்சி. உண்மையானால் நாளையே நிறுத்திவிடு. அந்தக் கால்வாய் பொங்கினால் முதலில் தண்ணீர் புகுவது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில்தான்.

எங்கள் மொட்டை மாடியில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறேன். பச்சை லத்தியை அப்படியே போட்டால் செடி வெந்துவிடும். இலைச் சருகோடு அடுக்கி, ஈரம் காயாமல் சில மாதம் மக்கவிட வேண்டும். அதற்கு ஒரு பழைய டிரம்மைத் தயார் செய்துவிட்டேன். மாடித்தோட்டம் போட்டிருக்கும் நண்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்கு கேட்டிருக்கிறார்கள். விலையை நீயே சொல்.

தாத்தாவின் தகர முறம் இன்னும் பரணில் இருக்கிறது. விளிம்பில் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராணியோடு வா, தருகிறேன். வருகிற நேரத்தை மட்டும் முன்கூட்டியே தேநீர்க் கடையில் சொல்லிவிடு. பேரன் அவளுக்காகக் கேரட் வாங்கி வைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
சூரியநாராயண செட்டி தெருவிலிருந்து ஒரு பெரியவர்