எங்கள் தெருக் குழுவில் வந்த சொற்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலூர் காந்தி ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் முப்பது வருடமாக இருக்கிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் ஆட்களுக்காக இங்கே பாதி வீடுகளின் மாடி ரூமாகிவிட்டது, மளிகைக் கடையில்கூடக் கடுகு எண்ணெய் கிடைக்கும்.

தேர்தல் நேரத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ரயில்வே வேலை யாருக்குப் போகிறது என்று பேச்சு வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ‘வடக்கன்’, ‘பான்பராக் வாயன்’ என்று இறங்கி, அப்புறம் மணிப்பூர்ப் பெண்களின் கண்ணைக் கிண்டல் செய்து, பதிலுக்கு இன்னொரு கட்சிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் தெருக்காரரையே ‘வந்தேறி’ என்று எழுதிவிட்டார். அந்தக் குடும்பம் நாலு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறது.

முதல் சொல்லைப் போட்டவர் வீட்டு மாடியில் அப்போது ஒரு வங்காளப் பெரியவர் குடியிருந்தார். ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே ஓ.பி.க்குக் கிளம்புவார், என்னைப் பார்த்தால் “வணக்கம்” என்பார், அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரர் அவரைப் பற்றியும் சேர்த்துத்தான் எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது.

நமக்குத் தெரியாத வலியா இது? இலங்கையில் மலையகத் தமிழர்களைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள், 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பம்பாயில் நம்மை ‘மதராசி’ என்று விரட்டினார்கள். இங்கே பக்கத்தில் மேல்மொணவூர் முகாமில் இருக்கிற ஈழத்து உறவுகளை அகதி என்று சொல்லக் கூடாது என்றுதான் 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரையே மாற்றியது அரசு. அதற்கு எங்கள் குழுவிலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. இப்படிப்பட்ட சொற்களைத் தினமும் படிக்கிறவர் அந்தப் பொய்யை ஏன் நம்பமாட்டார்?

பதிவுகளை நீக்கச் சொல்லி அட்மினிடம் கேட்டேன். “தேர்தல் முடிஞ்சா அடங்கிடும், விடுங்க அக்கா” என்றார். தேர்தலும் முடிந்துவிட்டது, பதிவுகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. இவற்றை எழுதுகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்சியின் தம்பிகள்தான். உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் அவர்களைக் கூப்பிட்டு நேரில் கண்டிக்க வேண்டும், இதை நீங்களும் தலையங்கத்தில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர்